கதிரும் வாயும்: பங்காருபேட்டை நின்று நோக்கும் பல் படிமவியலின் வரலாறு

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் இருப்புப்பாதையில் பங்காருபேட்டை ஒரு சந்திப்பு நிலையம். இங்கிருந்து ஒரு கிளைப்பாதை பிரிந்து மாரிக்குப்பம் வரை செல்கிறது. கோலார் தங்கவயல் என்னும் பெரும் சுரங்க நகரத்தை வெளியுலகோடு இணைத்தது அக்கிளைப்பாதையே. மைசூர் ஆணையராக 1862 முதல் 1870 வரை பணியாற்றிய லூயின் பவுரிங்கின் பெயரால் இவ்வூர் பவுரிங்பேட்டை எனப்பட்டது. ஆங்கிலேயர் பெயர் மெல்ல நழுவி, தெலுங்கில் தங்கத்தைக் குறிக்கும் 'பங்காரு' அவ்விடத்தில் அமர்ந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திறங்கிய தமிழ்த் தொழிலாளர் இந்நிலையத்தில் வண்டி மாறியே சுரங்கத்தை அடைந்தனர்.

பல் மருத்துவத்திலும் வாய் அறுவை மருத்துவத்திலும் எண்மப் படிமத் தொழில்நுட்பம் வளர்ந்த வரலாற்றைப் பேசும் நூல்கள் வூர்ட்ஸ்பர்க்கில் தொடங்கி, நியூ ஆர்லியன்ஸ், துலூஸ், வெரோனா என்று நகர்கின்றன. அவ்வரலாற்றைப் பங்காருபேட்டையிலிருந்து பார்த்தால் வேறு சில வினாக்கள் எழுகின்றன. மனித உடலின் உட்புறத்தைப் படம்பிடிக்கும் ஆற்றல் ஒரு தொழிலாளர் நகரத்துக்கு எதற்காக வந்தது? எந்த உறுப்பு முதலில் படமாயிற்று, எது நெடுங்காலம் படமாகாமல் நின்றது? எடுத்த படம் யார் கையில் இருந்தது? கருவிகளின் வளர்ச்சியைக் கூறும் வரலாறு இவ்வினாக்களுக்கும் விடை தேடவேண்டும்.

*மின்சாரமும் கதிரும்*

வில்ஹெல்ம் ரான்ட்ஜன் தம் ஆய்வகத்தில் புதிய கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8-ஆம் நாள்; அறிவித்தது அவ்வாண்டு டிசம்பர் இறுதியில். அறிவிப்பு வெளியாகி இரு வாரங்களுக்குள், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரப் பல் மருத்துவர் ஓட்டோ வால்க்காஃப் தம் பற்களையே படம் எடுப்பித்தார். கறுப்புத் தாளும் ரப்பரும் சுற்றிய சிறு கண்ணாடித் தகட்டை வாய்க்குள் வைத்து, 25 நிமிடம் அசையாமல் கிடந்தார் என்பது வரலாறு. மார்பையும் கையையும் படம்பிடிக்கத் தொடங்கிய அதே மாதத்தில் பல்லும் படமாகிவிட்டது. எனவே பல் படிமவியல் பொதுப் படிமவியலின் பிற்காலக் கிளை என்று கருதுவது பிழை, இரண்டும் உடன்பிறப்புகள்.

கதிர்க் கருவிக்கு முதல் தேவை மின்சாரம். இவ்வகையில் தங்கவயல் இந்தியாவின் மிகப் பல நகரங்களுக்கு முந்தியது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீண்ட கம்பிவழியே 1902-இல் தங்கவயலை வந்தடைந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் அது ஒன்று. பெங்களூரு நகரம் 1905-இல்தான் அந்த ஒளியைப் பெற்றது. ஆனால் அம்மின்சாரம் வந்தது சுரங்கத்தின் பொறிகளை இயக்கவே. பொறியின் தேவை முதலிலும் மனிதனின் தேவை பின்னரும் நிறைவேறிய வரிசையை, இப்பகுதியின் மருத்துவப் படிம வரலாற்றிலும் காணலாம்.

*நுரையீரல் படமாயிற்று*

1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் நிர்வாகத்தில் வளர்ந்த சுரங்கங்கள் ஊரிகம், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்கம், மைசூர் எனப் பல பெயர்களில் பூமிக்குள் இறங்கின. சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. தங்கம் படிந்திருந்தது வெண்பளிங்குக் கல்லில். அக்கல்லைத் துளையிடும்போது எழும் நுண்தூசி மூச்சில் கலந்து நுரையீரலில் தங்கித் தழும்பாக்கும். சிலிக்கோசிஸ் என்னும் அந்நோய்க்கு இன்றுவரை முழுத் தீர்வு தரும் மருந்து இல்லை.

நோயுற்றவன் இளைத்து இருமுவான். ஆனால் காசநோயாளியும் இளைத்து இருமுவான். இரண்டையும் பிரித்தறியவும், எவருக்கு இழப்பீடு உரியது என்று முடிவு செய்யவும் மார்பு எக்ஸ்ரே இன்றியமையாததாயிற்று. காப்லன், பர்டன் இருவரும் தங்கவயலில் நடத்தி 1947-இல் வெளிவந்த ஆய்வு 7,653 தொழிலாளரைப் பரிசோதித்தது. அவர்களுள் ஐந்தில் இருவருக்கும் மேற்பட்டோரிடம் சிலிக்கோசிஸ் காணப்பட்டது. இந்தியாவில் இந்நோயைப் பற்றிய முதல் பெரும் பதிவாக மருத்துவப் பாடநூல்கள் இன்றும் அதையே சுட்டுகின்றன.

இங்கே படலம் நோயறியும் கருவியாக மட்டும் நிற்கவில்லை, சான்றாவணமாகவும் மாறியது. நுரையீரலின் நிழலில் எத்தனை புள்ளிகள், அவை எவ்வளவு பெரியவை என்ற கணக்கு ஒரு குடும்பத்தின் வருவாயைத் தீர்மானித்தது. இதனால்தான் படத்தைப் படிக்கும் முறையை உலகளவில் ஒழுங்குபடுத்தும் தேவை எழுந்தது. 1930-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சிலிக்கோசிஸ் மாநாட்டில் தொடங்கிய முயற்சி, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் படிம வகைப்பாடாக வளர்ந்தது. எண்மப் படங்களையும் ஏற்றுக்கொள்ளும் வகையில் அவ்வகைப்பாடு திருத்தப்பட்டது 2011-இல். தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டு அப்போது பத்து ஆண்டுகள் கடந்திருந்தன.

நுரையீரல் படமானதற்குக் காரணம் அதில் இழப்பீட்டுப் பொறுப்பு இருந்தது. வாய்க்கு அத்தகைய சட்டத் தகுதி இல்லை. சொத்தைப் பல்லோ, வீங்கிய ஈறோ, வெற்றிலை பாக்கினால் இறுகிய கன்னமோ தொழில்நோய்ப் பட்டியலில் இடம்பெறவில்லை. பல்வலி தனி மனிதன் தனக்குள் தீர்த்துக்கொள்ளவேண்டிய துன்பமாகக் கருதப்பட்டது. பிடுங்குதலே பெரும்பாலோர் அறிந்த சிகிச்சை. ஒரே உடலின் இரு உறுப்புகள் வெவ்வேறு வரலாறு பெற்றது இவ்வாறே.

*கண்ணாடித் தகடும் படலமும்*

பல் மருத்துவத்தில் கதிரின் பயனை நிலைநாட்டியவருள் நியூ ஆர்லியன்ஸின் எட்மண்ட் கெல்ஸ் முதன்மையானவர். பல்வேரின் உள்ளே ஈயக் கம்பியை நுழைத்துப் படமெடுத்து, வேரின் நீளத்தை அளக்கலாம் என்று 1899-இல் காட்டியவர் அவர். இன்று வேர்ச்சிகிச்சை செய்யும் ஒவ்வொரு மருத்துவரும் அம்முறையின் வழிவந்தவரே. ஆயினும் ஒவ்வொரு முறையும் தம் கையையே கதிரின்முன் நீட்டிக் கருவியைச் சரிபார்த்த பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. விரல்களில் தொடங்கிய புற்று கையையும் தோளையும் கொண்டுபோயிற்று. பற்பல அறுவைகளுக்குப்பின், 1928-இல் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். கதிர் தீங்கு செய்யும் என்று பாஸ்டனின் வில்லியம் ராலின்ஸ் அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விலங்குச் சோதனைகளால் எச்சரித்திருந்தார். கேட்டவர் சிலரே.

வில்லியம் கூலிட்ஜ் 1913-இல் அமைத்த வெப்ப எதிர்மின்வாய்க் குழல் கதிரின் அளவைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதே காலத்தில் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் வாய்க்குள் வைப்பதற்கேற்ற உறையிட்ட சிறு படலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. அடுத்த எழுபது ஆண்டுகள் பல் படிமவியல் என்பது படலமும் இருட்டறையும்தான். டெவலப்பர் நீர்மம், ஃபிக்சர் நீர்மம், கழுவும் நீர், உலர்த்தும் கம்பி ஆகிய நான்கும் ஒழுங்காக அமையாத இடத்தில் நல்ல படம் அமையாது. நீர் தட்டுப்பாடும் கோடை வெப்பமும் மிகுந்த கோலார் போன்ற வறண்ட நிலப்பகுதிகளில் இருட்டறை எத்தகைய சுமை என்பதை எளிதில் உணரலாம். நீர்மத்தின் வெப்பநிலை சிறிது ஏறினாலே படம் கறுத்துவிடும்.

இந்தியாவில் பல் மருத்துவக் கல்வியே தாமதமாகத் தொடங்கியது. ரஃபியுதீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1948-இல் வந்தது. சென்னையில் மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவு 1953-இலும் பெங்களூருவில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1958-இலும் தோன்றின. பங்காருபேட்டையின் இருபுறமும் இருந்த பெருநகரங்களில் பயிற்சி பெற்ற பல் மருத்துவர் தலைமுறை உருவாவதற்குள், சுரங்கத்தின் பொற்காலமே முடிந்துகொண்டிருந்தது. பின்னாளில் தங்கவயலின் பி.இ.எம்.எல். நகரிலேயே ஒரு பல் மருத்துவக் கல்லூரி அமைந்தது இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்க திருப்பம்.

*பல்லில் எழுதிய நீர்*

தென்னிந்தியாவில் பல்லும் எக்ஸ்ரேயும் ஒன்றையொன்று விளக்கிய தருணம் 1937-இல் நேர்ந்தது. நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர் மக்களிடம் பழுப்பேறிப் புள்ளியிட்ட பற்களும், முதுமைக்கு முன்பே விறைத்து வளையாமல் போன முதுகெலும்பும் காணப்பட்டன. ஷார்ட், மக்ராபர்ட், பர்னார்ட், மன்னாடி நாயர் ஆகிய நால்வர் சென்னை மாகாணத்தின் ஃபுளோரைடு நோய் பற்றி எழுதிய கட்டுரை, இந்தியாவில் அந்நோயை அடையாளம் காட்டிய முன்னோடிப் பதிவு. நால்வருள் ஒருவரான பர்னார்ட் கதிரியல் வல்லுநர். 1934-இல் சென்னைப் பொதுமருத்துவமனையில் திறக்கப்பெற்ற கதிரியல் நிறுவனம் அவர் பெயரையே தாங்குகிறது. எலும்பு அளவுக்கு மீறி இறுகி வெண்மையாகத் தெரிந்த படங்கள், பல்லில் கண்ட கறைக்கும் முதுகின் விறைப்புக்கும் ஒரே காரணத்தைக் காட்டின. காரணம் குடிநீர்.

அமெரிக்காவில் இதற்கு ஆறாண்டுகள் முன்புதான் கொலராடோக் கறை எனப்பட்ட பல் நோய்க்கு நீரிலுள்ள ஃபுளோரைடே காரணம் என்று சர்ச்சில் என்னும் வேதியியலார் நிறுவியிருந்தார். அங்கு பல்லிலிருந்து தொடங்கிய தேடல் பல்லோடு நின்றது. நெல்லூரில் எலும்புக்கும் சென்றது. ஏழை உழவர் குடிக்கும் கிணற்று நீர், ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் உடலைக் கல்லாக்கியதை அங்கே படலம் காட்டியது.

இந்நிகழ்வு பங்காருபேட்டைக்கு அயலானதன்று. கருநாடகத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டங்களுள் கோலாரும் ஒன்று. கருங்கல் பாறை நிலம், ஆண்டுமுழுதும் ஓடும் ஆறின்மை, வற்றிய ஏரிகள், ஆழமாகிக்கொண்டே போகும் ஆழ்துளைக் கிணறுகள் ஆகியன சேர்ந்து பாறையின் தாதுவை நீரில் கரைக்கின்றன. இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஏற்புடைய அளவாகவும், வேறு நீர் இல்லாதவிடத்து 1.5 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்துள்ளது. எனாமல் உருவாவது குழந்தைப் பருவத்தில். அப்போது குடித்த நீரின் குறை பின்னர் எந்த நல்ல நீராலும் அழியாது. ஒருவரின் முன்பற்களைப் பார்த்து, அவர் எட்டு வயதுக்குள் எந்நீரைக் குடித்தார் என்று ஓரளவு ஊகிக்க முடியும். பல் அவ்வகையில் ஒரு நிலத்தின் நீர்வரலாற்றை எழுதிவைத்த ஏடு.

இவ்வேட்டைப் படிக்க எக்ஸ்ரே தேவையில்லை, ஒளிப்படமே போதும். ஆனால் நேரில் பார்த்து மதிப்பெண் இடும் ஆய்வாளர், தாம் நிற்கும் ஊர் எது என்று அறிந்திருப்பார். அவ்வறிவு மதிப்பீட்டைச் சாய்க்கக்கூடும். தரப்படுத்திய ஒளியில் எடுத்த எண்ம ஒளிப்படங்களை ஊர்ப்பெயர் நீக்கி வேறொருவரிடம் கொடுத்தால் அச்சாய்வு குறைகிறது. டீன் 1930-களில் வகுத்த குறியீடு இன்றும் பயன்படுகிறது. அதை நம்பகமாக்க எண்மப் படம் துணைநிற்கிறது. எளிய கருவியே ஈண்டு பெரிய பணியைச் செய்கிறது.

*ஒளிர்பொருள்: நிலத்தின் அடியிலும் நாவின் அருகிலும்*

பல் படிமவியல் எண்மமானதற்கு அடிப்படையான இயற்பியல், ஒருவகையில் தங்கவயலின் ஆழத்திலும் பணியாற்றியது. டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் ஸ்ரீகண்டன் முதலிய ஆய்வாளர் 1950-களின் தொடக்கம் முதல் இச்சுரங்கங்களில் அண்டக்கதிரை அளந்தனர். 1965-இல், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தை இந்திய, ஜப்பானிய, பிரித்தானியக் கூட்டுக்குழு பதிவு செய்தது. அங்கே நிறுவப்பட்ட கருவியின் இன்றியமையாப் பகுதி ஒளிர்பொருள். கண்ணுக்குத் தெரியாத துகள் அதை ஊடுருவும்போது சிறு ஒளித்துளி தோன்றும். ஒளிப்பெருக்கிக் குழல் அதை மின்குறிப்பாக மாற்றும்.

காணவியலாததை ஒளியாக்கு, ஒளியை மின்குறிப்பாக்கு, மின்குறிப்பை எண்ணாக்கு: பல் மருத்துவரின் எண்ம உணரியும் இம்மூன்று படிகளிலேயே இயங்குகிறது. பிரான்சின் துலூஸ் நகரைச் சேர்ந்த பல் மருத்துவர் பிரான்சிஸ் மூயென் 1980-களில் இதை வாய்க்குள் கொணர்ந்தார். எக்ஸ்ரே முதலில் ஒளிர்திரையில் விழும். அங்கே பிறக்கும் ஒளியை ஒளியிழைகள் ஏந்திச்சென்று ஒரு மின்னூட்டச் சில்லில் சேர்க்கும். சில்லு அதை எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பும். சி.சி.டி. எனப்படும் அச்சில்லு பெல் ஆய்வகத்தில் 1969-இல் பாயில், ஸ்மித் இருவரும் கண்டது; 2009-இல் நோபல் பரிசும் அதற்குக் கிட்டியது. மூயெனின் கருவி 1987-இல் 'ரேடியோ விஷியோ கிராஃபி' என்னும் பெயருடன் சந்தைக்கு வந்தது. இந்தியப் பல் மருத்துவர் நாவில் அது இன்றும் 'ஆர்.வி.ஜி.' என்றே வழங்குகிறது. எந்த நிறுவனத்தின் உணரியாயினும் 'ஆர்.வி.ஜி. எடுங்கள்' என்பதே வழக்கு.

மாற்றம் மூவகைப்பட்டது. முதலாவது, கதிரளவு பழைய படலங்களுக்குத் தேவைப்பட்டதைவிட வெகுவாகக் குறைந்தது. இரண்டாவது, இருட்டறையும் நீர்மங்களும் மறைந்தன. நோயாளி நாற்காலியை விட்டு எழாமலே படம் திரையில் தோன்றியது. மூன்றாவது, படம் பெரிதாக்கவும் வெளிறலைக் குறைக்கவும் அளக்கவும் கூடியதாயிற்று. மருத்துவர் படலத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து, 'இருக்கிறது' என்று தாமே சொல்லி முடித்த காலம் போய், நோயாளியும் தன் பல்லின் வேர்நுனியில் இருண்ட வட்டத்தைத் தானே பார்க்கும் காலம் வந்தது.

உணரி தடித்தது, கம்பி இணைந்தது, சிறு வாய்க்கு உறுத்தும். அதனால் பாஸ்பர் தகடு என்னும் மற்றொரு வழியும் நிலைத்தது. ஃபூஜி நிறுவனம் 1980-களில் பொது மருத்துவத்துக்கு உருவாக்கிய அம்முறையில், தகடு கதிரின் ஆற்றலைத் தேக்கிவைத்து, லேசர் பட்டதும் ஒளியாக வெளியிடும். பல் மருத்துவத்துக்கென அமைந்த கருவி 1990-களில் வந்தது. படலம்போல் மெல்லியது, பலமுறை பயன்படுத்தலாம், ஆனால் கீறல் விழுந்தால் கீறலும் படத்தில் வரும்.

*மூன்றாம் பரிமாணமும் அறுவையும்*

வாய் அறுவை மருத்துவருக்கு ஒற்றைப் பல்லின் படம் போதாது. தாடை முழுவதையும் வளைவாகப் படமெடுக்கும் முறையை ஃபின்லாந்தின் யிர்யோ பாட்டெரோ உருவாக்க, 1961 முதல் 'ஆர்த்தோபான்டோமோகிராஃப்' என்னும் கருவி பரவியது. இந்திய மருத்துவமனைகளில் 'ஓ.பி.ஜி.' எனப்படுவது அதுவே. இருசக்கர வண்டி விபத்தில் தாடை முறிந்தவர் இன்றும் முதலில் எடுக்கும் படம் பெரும்பாலும் இதுதான்.

ஆயினும் அது தட்டையான படம். கீழ்த்தாடையின் உள்ளே ஓர் எலும்புக் குழாய் வழியே உதட்டுக்கும் பற்களுக்கும் உணர்வு தரும் நரம்பு செல்கிறது. புதைந்து கிடக்கும் ஞானப்பல்லின் வேர் அக்குழாயின்மேல் படிந்ததுபோல் தோன்றினால், வேர் நரம்பின் நாக்குப்புறம் இருக்கிறதா, கன்னப்புறம் இருக்கிறதா, அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பதைத் தட்டைப் படம் சொல்லாது. தவறினால் உதட்டின் ஒருபுறம் மரத்துப்போகும். சவரம் செய்யும்போது வெட்டுப்பட்டாலும் தெரியாது. சோறு ஒட்டியிருந்தாலும் தெரியாது. சிறிய குறையாகத் தோன்றும் இது வாழ்நாள் முழுதும் நீடிக்கக்கூடியது.

ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி 1971-இல் முதல் நோயாளியைப் படமெடுத்தபின், மூன்றாம் பரிமாணம் கைக்கெட்டியது. ஆனால் அது பெரிய மருத்துவமனைக்குரியது, கதிரளவும் மிகுதி. இத்தாலியின் வெரோனாவில் மோட்ஸோ குழுவினர் 1998-இல் பல் மருத்துவத்துக்கென வெளியிட்ட கூம்புக்கற்றை சி.டி. இச்சிக்கலை அவிழ்த்தது. ஜப்பானில் அராய் குழுவினரும் அதே காலத்தில் தம் கருவியை அறிவித்தனர். விசிறிபோன்ற கற்றையைப் பலமுறை சுழற்றுவதற்கு மாறாக, கூம்புவடிவக் கற்றை தலையை ஒருமுறை சுற்றும். நூற்றுக்கணக்கான நிழற்படங்களிலிருந்து கணினி முப்பரிமாண வடிவைக் கட்டும். எலும்பையும் பல்லையும் நுட்பமாகக் காட்டும் இக்கருவி மென்தசையைப் பிரித்துக்காட்டுவதில் தளர்ந்தது. ஆகவே புற்று எவ்வளவு பரவியுள்ளது என்று அறிய எம்.ஆர்.ஐ., மருத்துவமனை சி.டி. இரண்டும் இன்றும் வேண்டும்.

ஸ்வீடனின் பிரோனமார்க் 1965-இல் முதல் நோயாளிக்குப் பொருத்திய டைட்டானியம் பல்வேர், முப்பரிமாணப் படத்தோடு சேர்ந்ததும் புதிய துணிவு பெற்றது. எலும்பின் உயரமும் அகலமும் மில்லிமீட்டரில் தெரிய, துளையின் திசையைக் கணினியில் வகுத்து, அதற்கேற்ற வழிகாட்டி அச்சை முன்கூட்டியே வார்க்க இயன்றது. பல்லின் அச்சைப் பிசினில் எடுக்காமல் ஒளியால் அளக்கும் முயற்சி, சூரிச்சில் மோர்மன், பிராண்டெஸ்டினி இருவராலும் 1985-இல் நோயாளியின் வாயில் நிறைவேறியது. கதிர், ஒளி, கணினி மூன்றும் கூடியபின், அறுவை என்பது கத்தி எடுக்கும் முன்பே திரையில் ஒருமுறை நடந்து முடிந்துவிடுகிறது.

*கேமராவும் சுகாதாரப் பணியாளரும்*

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. அதன்பின் தங்கவயலின் வாழ்க்கை இரயிலைச் சார்ந்தது. மாரிக்குப்பத்திலும் பங்காருபேட்டையிலும் விடியுமுன் வண்டியேறிப் பெங்களூருவில் வேலை செய்து இரவில் திரும்புவோர் பல்லாயிரவர். இவர்களில் ஒருவர் நகரத்துப் பெருமருத்துவமனையில் ஒரு படம் எடுக்கவேண்டுமானால் ஒருநாள் கூலியை இழக்கவேண்டும். முடிவு அறிய மறுநாளும் இழக்கவேண்டும். நோய் முற்றிய பின்னரே வருகிறார்கள் என்று மருத்துவ நூல்கள் வருந்துவதன் பின்னணியில் இக்கூலிக் கணக்கு இருக்கிறது.

வாய்ப்புற்று இந்தியாவின் பெருஞ்சுமை. 2020-ஆம் ஆண்டு உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி ஓராண்டில் 1,35,000-க்கும் மேற்பட்ட இந்தியர் உதடு, வாய்க்குழிப் புற்றுக்கு ஆளாயினர். புகையிலை மட்டுமன்றிப் பாக்கும் தனியே புற்றூக்கி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. சுரங்கத் தூசியின் சிலிக்காவை 1997-இல் அதே பட்டியலில் சேர்த்திருந்தது. ஒரே முகமையின் ஒரே பட்டியலில் நுரையீரலின் பகையும் வாயின் பகையும் அடுத்தடுத்து இடம்பெற்றன. ஆயினும் முன்னதற்கு எக்ஸ்ரேப் பரிசோதனையும் இழப்பீடும் உண்டு. பின்னதற்கு எச்சரிக்கைப் படம் அச்சிட்ட பொட்டலம் மட்டுமே.

வாய்ப்புற்றைத் தொடக்கத்தில் காண விலையுயர்ந்த கருவி கட்டாயமன்று. திருவனந்தபுரத்தில் சங்கரநாராயணன் குழுவினர் நடத்தி 2005-இல் 'லான்செட்' இதழில் வெளியான பெரும் ஆய்வு இதை நிறுவியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் வீடுதோறும் சென்று, வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததால், புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றுச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, ஆறாத புண், திறக்க மறுக்கும் வாய் ஆகியவை கண்ணுக்கே தெரிபவை. தெரியவேண்டிய கண் அருகில் இல்லாததே குறை.

அக்கண்ணைத் தொலைவிலிருந்து அழைத்துவரும் முயற்சி பெங்களூருவில் தொடங்கியது. கே.எல்.இ. பல் மருத்துவ நிறுவனத்தின் பிரவீண் பிருர், மஜும்தார் ஷா புற்றுநோய் மையத்தின் மோனி ஆபிரகாம் குரியாகோஸ் முதலியோர், களப்பணியாளர் கைப்பேசியில் எடுத்த வாய்ப் படங்களை நிபுணருக்கு அனுப்பும் திட்டத்தை நடத்தி, 2015-இல் முடிவுகளை வெளியிட்டனர். பின்னர் அரிசோனாப் பல்கலைக்கழகத்தாரோடு கூடி, வெள்ளொளியிலும் தன்னொளிர்விலும் படமெடுக்கும் கைப்பேசி இணைப்புக் கருவியையும், படத்தை வகைப்படுத்தும் கணினி வலையமைப்பையும் 2018-இல் அறிவித்தனர். நலமான திசு நீல ஒளியில் பச்சையாக மிளிரும். மாறிய திசு இருண்டு தோன்றும். வாயைப் படமெடுப்பது இத்திட்டங்களில்தான் கூலித் தொழிலாளரின் வாசலுக்கு வந்தது.

ஆனால் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. தன்னொளிர்வில் இருண்டு தெரிவதெல்லாம் புற்றன்று. வெறும் அழற்சியும் இருண்டே தெரியும். கணினி 'ஐயம்' என்று சொன்ன பின் திசு எடுத்துச் சோதிக்க ஓர் இடமும், அறுவைக்கு ஒரு மேசையும், கதிர்ச்சிகிச்சைக்கு ஒரு வரிசையும் வேண்டும். அவை இல்லாத இடத்தில் படம் அச்சத்தை மட்டுமே விளைவிக்கும்.

*படம் யாருடையது?*

படலத்துக்கு ஒரு பொருண்மை இருந்தது. நோயாளி அதைப் பழுப்பு உறையில் வைத்து, இரும்புப் பெட்டியின் அடியில் சேலைகளுக்கிடையே பாதுகாக்கலாம். இழப்பீட்டு வழக்கில் அதைத் தூக்கிக்காட்டலாம். அதில் வெள்ளியும் இருந்தது. பழைய படலங்களை வாங்கி வெள்ளி பிரிக்கும் வணிகம் இந்திய நகரங்களில் நெடுநாள் நடந்தது. உழைத்துத் தேய்ந்த எத்தனையோ உடல்களின் சாட்சியம் அவ்வாறு உருகியிருக்கும். எண்மப் படம் உருகாது. ஆனால் கடவுச்சொல் தொலைந்தால், நிறுவனம் மூடினால், கோப்பின் வடிவம் வழக்கொழிந்தால் அதுவும் இல்லாமற்போகும்.

மருத்துவப் படங்களை எந்தக் கருவியிலும் திறக்கும்படி 1993-இல் வகுக்கப்பட்ட 'டைகாம்' தரம் இவ்விடரைக் குறைக்க வந்தது. ஆயினும் சிறு பல் மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளி பெறுவது கைப்பேசியில் வந்துசேரும் சுருங்கிய படம் ஒன்றே. அதில் அளவும் இல்லை, நாளும் பெயரும் சில வேளை இல்லை. மாற்றியமைக்க எளிதான இயல்பும் எண்மப் படத்துக்கு உண்டு. படலத்தில் கீறினால் தெரியும். கோப்பில் திருத்தினால் தெரிவது அரிது. மூலக் கோப்பைச் சிதையாமல் காப்பதும், கேட்ட நோயாளிக்கு முழுமையாகத் தருவதும் தொழில்நெறியின் பகுதியாகவேண்டும். 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்காற்று வாரியத்தின் விதிகளுக்குள் பல் எக்ஸ்ரே கருவிகளும் அடங்குவதால், கதிரின் பாதுகாப்புக்கு ஒரு காவல் உண்டு. படத்தின் பாதுகாப்புக்கு 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு தொடக்கம். கணினிக்குப் பயிற்சி தர ஆயிரக்கணக்கான வாய்ப் படங்கள் திரட்டப்படும் இக்காலத்தில், வாயைத் திறந்து காட்டிய தொழிலாளிக்கு அதனால் என்ன திரும்பக் கிடைக்கிறது என்ற வினா மேலும் கூர்மை பெறுகிறது.

தங்கவயலின் நுரையீரல் வரலாறு இவ்வினாவுக்கு ஒரு பாடத்தைத் தருகிறது. 1940-களில் படமெடுக்கும் கருவி இருந்தது, படிக்கும் மருத்துவர் இருந்தனர், எண்ணிக்கையும் அச்சேறியது. ஐந்தில் இருவர் நோயுற்றனர் என்று தெரிந்த பின்னும் சுரங்கம் அரை நூற்றாண்டுக்கு மேல் இயங்கியது. படம் உண்மையைக் கூறிவிட்டது. உண்மையை ஏற்று நடந்துகொள்வது படத்தின் வேலையன்று. பல் படிமவியலின் அடுத்த அத்தியாயத்தை எழுதுவோர், எத்தனை மைக்ரான் நுட்பம் என்பதோடு, படமெடுத்தபின் எத்தனை நாளில் சிகிச்சை என்பதையும் அளந்து எழுதவேண்டியிருக்கிறது.

சந்திப்பு நிலையத்தில் மனிதர் வண்டி மாறவேண்டும், காத்திருக்கவேண்டும், சில வேளை வண்டியைத் தவறவிடுவர். எண்மப் படத்துக்கு அக்காத்திருப்பு இல்லை. மாரிக்குப்பத்துப் பெண் ஒருத்தியின் கன்னத்து வெள்ளைத் திட்டு நொடியில் பெங்களூருவை எட்டிவிடும். அதற்கான மறுமொழி அவள் வீட்டு வாசலை எத்தனை நாளில் எட்டுகிறது என்பதே இத்தொழில்நுட்பத்துக்கு வரலாறு வைத்திருக்கும் தேர்வு.